வரலட்சுமி வைத்த பத்தியம்

கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. பதினோரு வருடமாக நடத்துகிறேன். வாசலைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் மேல் தட்டு முழுக்க வைட்டமின் சி சீரம்தான். சிறுசேரி கம்பெனிகளில் வேலை பார்க்கிற பெண்களும், இப்போதெல்லாம் பையன்களும், வண்டிக்குக் காத்திருக்கிற நேரத்தில் உள்ளே வந்து வாங்கிப் போகிறார்கள். தோல் பளிச்சென்று ஆகும், கரும்புள்ளி போகும், சுருக்கம் விழாது என்று அட்டையில் எழுதியிருக்கும். பக்கத்தில் பாதியாக வெட்டிய ஆரஞ்சுப் பழத்தின் படம். அந்தப் பழத்தைத் தின்றாலே பாதி வேலை நடக்குமே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கடை வாடகையை யார் கொடுப்பது.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் தாண்டவராயன் வந்து அந்த மேல் தட்டைக் கைகாட்டினார். ஐம்பத்தாறு வயது. முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போய் வெயிலும் உப்புக்காற்றும் தின்ற முகம். வலது கெண்டைக்காலில் துணிக்கட்டு. ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டில் ஒன்று வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். தனக்குத்தான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்றுகூடக் கேட்காமல், இந்த வயதில் என்ன அண்ணாத்த மாப்பிள்ளைக் கோலம் என்று கேலியும் செய்தேன். பெண்டாட்டி செத்து ஒரு வருடம் முடியாத மனிதனிடம் பேசுகிற பேச்சா அது. எனக்கு வாய்தான் முதலில் போகும், புத்தி பின்னால்தான் வரும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முகத்துக்கு இல்லை, காலுக்கு என்று மட்டும் சொன்னார்.

இது விளங்க வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

தாண்டவராயனும் வரலட்சுமியும் குப்பத்தின் கடைசி வீட்டில் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அவர் பிடித்து வருவதை அவள் கூடையில் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் போய் விற்றுவிட்டு வருவாள். இருவரும் சண்டை போட்டால் தெருவே வேலையை விட்டுவிட்டுக் கேட்கும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவளுக்குப் புளிப்பு என்றால் உயிர். மாங்காய் போடாத மீன் குழம்பு அந்த வீட்டில் கொதித்ததில்லை. அவரும் அதற்கே பழகிப்போனவர்.

சென்ற ஆண்டு தை மாதம் வலையில் ஒரு பெரிய திருக்கை விழுந்தது. படகுக்குள் இழுத்துப் போட்டபோது வாலைச் சுழற்றி அவர் கெண்டைக்காலில் முள்ளை இறக்கிவிட்டது. திருக்கை முள் உள்ளே போகும்போது ஒரு வலி, வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வருவதால் ஒன்பது வலி. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் வரலட்சுமி பத்தியம் வைத்தாள். புளி கிடையாது, தக்காளி கிடையாது. எலுமிச்சை, மாங்காய், நெல்லிக்காய், கொய்யா எதையும் தொடக்கூடாது. கீரையும் காய்கறியும் கரப்பான், புண்ணில் அரிப்பைக் கிளப்பும் என்று தள்ளிவிட்டாள். வெள்ளைச் சோறு, பூண்டு, மிளகு, பால்சுறா புட்டு, அவ்வளவுதான். புளிப்பு பட்டால் காயம் சீழ் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் போட்ட சட்டம். எந்த டாக்டர் வந்து சொன்னாலும் மாறாது. மருந்து படித்த எனக்கே என் அம்மா அந்தச் சட்டத்தைப் போட்டிருக்கிறாள், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எவ்வளவு நாள் என்று அவர் கேட்டாராம். அவள் நாள் கணக்குச் சொல்லவில்லை.

"காயம் ஆறனதும் நானே சொல்றேன். அது வரிக்கும் வாயில புளிப்பு வைக்காத" என்றாளாம்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் பத்தியத்துக்குப் பூண்டு வாங்க என் கடைக்கு அடுத்த மளிகைக் கடைக்கு வந்தாள். வாங்கிக்கொண்டு திரும்ப ரோட்டைக் கடக்கும்போது மாமல்லபுரம் பக்கமிருந்து வேகமாக வந்த ஒரு கார் அடித்துவிட்டுப் போனது. என் கடைக்கு நேர் எதிரே. நான் ஓடிப் போனபோது ரோட்டில் பூண்டு சிதறிக் கிடந்தது. அவளுக்கு மூச்சு இல்லை. தாண்டவராயனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவர் அழவில்லை. குனிந்து பூண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சாவுக்குக் கடப்பாக்கத்திலிருந்து வரலட்சுமியின் தங்கை ராஜம் வந்தாள். அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசுகிறவர்கள். துக்கத்தில் அவளுக்கு ஆத்திரத்தைக் கொட்ட ஆள் வேண்டியிருந்தது. கூடியிருந்தவர்கள் எல்லார் முன்னாலும் தாண்டவராயனைப் பார்த்து, "உன் பத்தியத்துக்குத்தான்யா எங்க அக்கா செத்தா" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் கடப்பாக்கம் போகவில்லை, அவளும் இங்கே வரவில்லை.

படகில் காலை ஊன்றி நிற்க முடியாததால் கடல் வேலையை விட்டார். மெட்ராஸ்காரர் ஒருவர் கடலோரம் கட்டி வைத்திருக்கும் பங்களாவுக்குக் காவல் வேலை கிடைத்தது. சொந்தக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். தோட்டத்தின் மூலையில் அவருக்கு ஓர் அறை, ஒரு காஸ் அடுப்பு. குப்பத்து வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். கேட்டுக்குள் போனால் பேச ஒரு ஜீவன் கிடையாது. ஒரு நாளைக்கு இருபது முப்பது கார் ஹாரன் கேட்கும், ஆனால் ஒன்றும் அந்த வாசலில் நிற்காது. அந்தத் தோட்டத்தில் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. காய்த்துத் தள்ளுகிற மரம். தின்ன ஆளில்லாமல் அணில் கடித்ததும் கிளி கொத்தியதுமாகக் கீழே விழும். அதையெல்லாம் கூட்டி அள்ளிக் குழியில் கொட்டுவதுதான் அவருடைய காலை வேலை.

பங்குனியில் காயம் நன்றாக மூடிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஒரு புளிக்குழம்பு வைத்துத் தின்றிருப்பார்கள். இவர் தின்னவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் பத்தியம் வைத்தார்களோ அவர்கள் கையால்தான் பத்தியம் முறிக்க வேண்டும். முதல் கவளத்தை அவர்கள் எடுத்துக் கொடுத்து, முடிந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவள் போய்விட்டாள். இவர் காத்திருந்தார் என்று சொல்வதா, அவ்வளவு பெரிய பிடிவாதம் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. ஒரு சட்டி கஞ்சி, சுட்ட மீன், நாலு வேளை டீ, தொட்டுக்கொள்ளப் பொறை ரொட்டி. இப்படியே பங்குனி போய், சித்திரை போய், ஆடியும் போனது.

ஐப்பசி மழையில் மூடிய காயம் திறந்துகொண்டது. புதிதாக அடிபடவில்லை. பழைய தழும்பே கரை உடைந்த மாதிரி விட்டுக்கொண்டது. அவர் என்ன நினைத்தார் தெரியுமா. வரலட்சுமி சொன்னது சரிதான், காயம் உள்ளே ஆறவே இல்லை, நல்லவேளை நாம் பத்தியத்தை விடவில்லை என்று நினைத்தார். இருந்ததையும் இறுக்கினார். கஞ்சியோடு எப்போதாவது கடித்துக்கொண்டிருந்த பச்சை மிளகாயையும் வெங்காயத்தையும்கூட நிறுத்திவிட்டார். காயம் மோசமாக ஆக ஆகப் பத்தியம் கடுமையானது, பத்தியம் கடுமையாக ஆக ஆகக் காயம் மோசமானது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு மாதத்தில் அவருக்கு ஏழு டியூப் களிம்பு விற்றிருக்கிறேன். காலில் ஊதா ஊதாவாகப் புள்ளி விழுந்திருப்பதைக் காட்டினார், கொசுக்கடி என்றேன். தோல் மீன் செதில் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது என்றார், தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். நடந்தால் மூட்டு விட்டுப் போகிறது என்றார், வயசாகுது அண்ணாத்த என்றேன். ஒரு கிளினிக்கில் சர்க்கரை பார்த்து இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதானே. கேட்காத ஆளே கிடையாது. டீக்கடைக்காரர் கேட்டார், பால்காரர் கேட்டார், குப்பத்துக்காரர்கள் கேட்டார்கள். சாப்பிட்டேன் என்றுதான் அவர் எல்லாருக்கும் சொன்னார். அது பொய்யும் இல்லை. என்ன சாப்பிட்டாய் என்று அந்தப் பத்து மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். கடையில் ஏதோ பேசி அவரைச் சிரிக்க வைத்தேன். வாயைத் திறந்தவர் பல்லெல்லாம் ரத்தம். ஈறு வீங்கிக் கறுத்திருந்தது. ரத்தத்தில் ஏதோ பெரிய வியாதி என்றே முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் அதைச் சொல்லாமல், மறுநாளே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கூட ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வேண்டும் என்று சொல்லியிருந்தால் கடையை மூடிவிட்டுப் போயிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்தான்.

அங்கே தோல் பிரிவில் சிநேகா என்று ஒரு டாக்டர். சின்ன வயதுப் பெண். தாண்டவராயனின் காலைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார், காலில் இருந்த முடி ஒவ்வொன்றும் சுருண்டு திருகியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஈறை அமுக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். முந்தாநாள் என்ன, போன மாதம் என்ன என்று கேட்டார். தாண்டவராயன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அந்தப் பெண் திட்டவில்லையாம். யார் சமைக்கிறார்கள் என்றுதான் அடுத்துக் கேட்டாராம்.

வியாதிக்குப் பெயர் ஸ்கர்வி. உடம்பில் வைட்டமின் சி அறவே இல்லாமல் போவது. தோலையும் சதையையும் பிடித்து வைத்திருக்கிற நாரை உடம்பு ஓயாமல் புதிதாகப் பின்னிக்கொண்டே இருக்கிறது, வைட்டமின் சி இல்லையென்றால் பின்ன முடியாது, அதனால்தான் என்றோ மூடிய காயம்கூடப் பிரிந்துவிட்டது என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். வலை பின்னத் தெரிந்த மனிதருக்கு அது உடனே புரிந்துவிட்டது. தினமும் ஒரு கொய்யாப்பழம் தின்றாலே போதும், பெரிய செலவு ஒன்றும் இல்லை என்றும் டாக்டர் சொன்னார். கொய்யா என்றதும் இவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மென்று தின்கிற மாத்திரையும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றை நாக்கில் வைத்தார். புளித்தது. துண்டில் துப்பிவிட்டார்.

அப்புறம்தான் அவருக்கு என் கடையின் மேல் தட்டு ஞாபகம் வந்திருக்கிறது. ஆரஞ்சுப் படம், வைட்டமின் சி, தோலுக்கு நல்லது. தின்றால்தானே பத்தியம் கெடும், தேய்த்தால் கெடாது. டாக்டர் சொன்னதையும் கேட்டதாகும், பெண்டாட்டி சொன்னதையும் மீறாததாகும். செங்கல்பட்டிலிருந்து வருகிற வழி முழுக்க யோசித்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்.

இதையெல்லாம் அவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. திறந்த புண்ணில் அதை ஊற்றினால் எரிந்து சாவீர்கள் என்று கத்தினேன். மூஞ்சிக்குப் போடுகிறவர்கள் வயிற்றுக்கும் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள், உள்ளே இல்லாததை மேலே தடவி ஒன்றும் ஆகாது, இப்படியே இருந்தால் கால் அல்ல, உயிரே போய்விடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ என்கிட்ட கடைசியா சொன்னது அது ஒண்ணுதான் சுதாகரு. அத்த வுட்டுட்டா, அவ பூண்டு வாங்க வந்தது இன்னாத்துக்கு?"

அந்த நேரம் ஒரு அம்மா வந்து இருமல் மருந்து கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

வழக்கத்தை வழக்கத்தால்தான் உடைக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது அன்று சாயங்காலம்தான். பத்தியம் வைத்தவள் இல்லையென்றால், அவள் பிறந்த வீட்டுப் பெண் அந்த இடத்தில் நின்று முறிக்கலாம். இதுவும் குப்பத்தில் உள்ளதுதான். அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண் ராஜம். அவள் சொன்ன சொல் அவர் நெஞ்சில் திருக்கை முள்ளாகவே இருந்தது. அங்கே போகவே மாட்டேன் என்றார். நான் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையை மூடினேன். புதுச்சேரி பஸ்ஸில் அவரை ஏற்றிக் கூடவே உட்கார்ந்தேன். கல்பாக்கம் தாண்டியதும் அவர், நம்மை வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிடுவாள் என்றார்.

ராஜம் வீட்டு வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வியாபாரம் முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தவள் முகத்தில் முதலில் பழைய ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் அவர் நடையைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். சட்டைக்குள் ஆள் பாதியாகிவிட்டிருப்பதைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. பாயை எடுத்து விரித்தாள்.

அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பத்தியம் இன்னும் நடக்கிறது என்று சொன்னபோது அவளுக்குப் புரியவில்லை, எந்தப் பத்தியம் என்று கேட்டாள். புரிந்ததும் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"பதினஞ்சு நாளு போதும்னு அக்கா எங்கிட்ட போன்ல சொன்னா" என்றாள். "பதினாறாம் நாளு மாங்கா போட்டு வஞ்சிரம் ஆக்கித் தரணும், மனுசன் வாய் செத்துக் கெடக்குதுன்னா. உங்கிட்ட சொல்லலியா?"

தாண்டவராயன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு அவள் வீட்டில் வஞ்சிரம் இல்லை, சங்கரா மீன்தான் இருந்தது. காலம் தப்பிக் காய்த்த மாங்காய் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கிவந்தாள். முக்கால் மணி நேரத்தில் குழம்பு கொதித்துவிட்டது. தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி அவர் கையில் வைத்தாள். மேலே பச்சையாக எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தாள், அது நான் சொன்னது.

"அக்காவுக்குப் பதிலா நான் சொல்றேன். பத்தியம் முடிஞ்சுது. துன்னு" என்றாள்.

அவர் வாயில் வைத்தார். புண்ணாகிக் கிடந்த ஈறில் புளிப்பு பட்டதும் உடம்பே ஒரு குலுக்கு குலுக்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. எரிச்சலாலா என்று நான் கேட்கவில்லை. அழுதுகொண்டே தட்டு முழுக்கத் தின்றார். ராஜம் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாவு வீட்டில் சொன்ன சொல்லைப் பற்றி அவளும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. கிளம்பும்போது ஒரு பையில் பத்து எலுமிச்சம்பழம் போட்டு அவரிடம் நீட்டினாள். மறுபடி வா என்று அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை.

மாத்திரையும் கொய்யாவும் நான் நினைத்ததைவிட வேகமாக வேலை செய்தன. நாலே நாளில் ஈறில் ரத்தம் நின்றது. பத்து நாளில் ஊதாப் புள்ளிகள் மஞ்சளாகி மறைய ஆரம்பித்தன. தை பிறப்பதற்குள் காயத்தின் இரண்டு கரையும் சேர்ந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போனபோது நானும் போனேன். டாக்டர் சிநேகா காலைத் தடவிப் பார்த்துவிட்டு, அழகான தோல் என்றார். அறுபதை நெருங்கும் ஒரு மீனவரின் கெண்டைக்காலை அழகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் கூச்சத்தில் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இப்போதும் அவர் அந்தப் பங்களாவில்தான் இருக்கிறார். சாயங்காலம் ஆனால் நாலு கொய்யாப்பழத்தோடு கடைக்கு வருவார். இரண்டு எனக்கு, ஒன்று அவருக்கு, இன்னொன்று வழக்கமாக மிஞ்சிவிடும். நான் இப்போது சாப்பிட்டாயா என்று யாரையும் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். சீரம் வாங்க வருகிற பெண்களையும் கேட்கிறேன். ஒருமாதிரிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

போன வாரம் ஒருநாள் மழை வருகிற மாதிரி இருந்தது. கடையில் ஆள் இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கித் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தோல் மெல்லியதாக, இளஞ்சிவப்பாக இருந்தது. சுற்றியிருந்த கறுத்த தோலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ரோட்டில் அவள் விழுந்த இடத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"நல்லா ஆறிடுச்சு சுதாகரு. அவகிட்ட சொல்லணும்போல கீது."

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். மிஞ்சிய கொய்யா கல்லாப்பெட்டி மேல் இருந்தது. அதை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தின்னாமல் வைத்துக்கொண்டு, மழை வருவதற்குள் ரோட்டைக் கடந்து போனார்.